மீன் வெட்டும் கத்திக்குள் ஒரு பங்காளிச் சண்டை

மட்டக்களப்பின் கிரான் பக்கம் மீன் வெட்டுகிற இடத்தில் இரண்டு வகைக் கத்தி கண்ணில் படும். ஒன்று, லொறியின் பழைய வில்லுத் தகட்டைக் கொல்லன் பட்டறையில் அடித்துச் செய்த கறுத்தக் கத்தி. தீட்டுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் முள்ளோடு சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். களப்பு மீனின் ஈரத்தோடு இரவு விட்டுவிட்டாலோ, காலையில் செம்மண் பூசியதுபோலக் கிடக்கும். மற்றது கடையில் வாங்கிய வெள்ளைக் கத்தி. துரு அவ்வளவாக அண்டாது; ஆனால் அடிக்கடி மழுங்கிப் போகும். கூர்மையும் துருவேறாமையும் ஒரே கத்தியில் ஏன் எளிதில் ஒன்றுசேர்வதில்லை?

கூர்மையைத் தருவது காபன். அந்த வித்தை இலங்கைத் தீவுக்குப் பழையது. சமனலவெவ மலைச்சரிவுகளில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, பருவக்காற்றை நேராக உலைக்குள் வாங்கி, துருத்தி ஊதாமலே காபன் மிகுந்த உருக்கு எடுத்திருக்கிறார்கள். அகழ்வாராய்ச்சியாளர் கில் ஜூலெவ் அதேபோல உலை கட்டிச் செய்து பார்த்து, 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். அந்த உருக்கில் கூர்மைக்குக் குறைவில்லை. துருவைத் தடுக்கத்தான் அதில் ஒன்றும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பது குரோமியம். இரும்போடு நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் குரோமியம் சேர்ந்தால், காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து உருக்கின் மேல் ஒரு படலம் விரிக்கும். தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் மெல்லிய படலம். கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். 1913 ஆகஸ்ட் 13இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹரி பிரியர்லி வார்த்த உருக்கில் குரோமியம் 12.8 சதவீதம், காபன் 0.24 சதவீதம். அவர் தேடியது துப்பாக்கிக் குழாய்க்கு ஏற்ற உருக்கு. கிடைத்தது கத்திக்கு ஏற்றது.

ஆனால் காபனும் குரோமியமும் ஒரு வீட்டுப் பங்காளிகள். இந்தத் துருவேறா உருக்கை மெதுவாக ஆறவிட்டால், காபன் குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டு மணிகளாக்கிவிடும். அப்படி உருவாகும் ஒரு சேர்மத்தில், 6 காபன் அணுக்கள் 23 குரோமிய அணுக்களைக் கட்டிப்போடுகின்றன. எடையில் பார்த்தால் ஒரு கிராம் காபன் பதினாறு கிராமுக்கு மேல் குரோமியத்தை விழுங்கும். 13 சதவீதக் குரோமியமும் 0.3 சதவீதக் காபனும் உள்ள கத்தியில், காபன் முழுவதும் இப்படிப் போனால் காவலுக்கு மிஞ்சுவது எட்டுச் சதவீதம்தான். அது போதாது, துருப்பிடிக்கும்.

இங்கேதான் நெருப்பு நாட்டாமை செய்கிறது. ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் மணிகள் கரைந்து, காபனும் குரோமியமும் பிரிந்து உருக்கெங்கும் கலக்கும். உடனே எண்ணெயிலோ காற்றிலோ வேகமாக ஆற்றினால், மறுபடி கூடப் பொழுதில்லாமல் இரண்டும் நின்ற இடத்திலேயே அகப்பட்டுக்கொள்ளும். அகப்பட்ட காபன் இரும்பணுக்களின் அடுக்கை இழுத்து விறைக்க வைக்கும். அந்த விறைத்த கட்டமைப்பின் பெயர் மார்ட்டென்சைட்டு. கத்தி கடினமாவதும் குரோமியம் விடுதலை ஆவதும் ஒரே சூட்டில்.

கடைக்கத்தியில் பொறித்திருக்கும் எண்கள் இந்தப் பங்குக் கணக்கின் சுருக்கம். 410 இல் காபன் 0.15 சதவீதத்தைத் தாண்டாது. துரு குறைவு, கூர் நிற்காது. 420 இல் காபன் அதைவிடக் கூட, குரோமியம் 12 முதல் 14. 440 வரிசையில் ஏ, பி, சி மூன்றுக்கும் குரோமியம் ஒன்றே, 16 முதல் 18. காபன் மட்டும் 0.6 இலிருந்து 1.2 வரை ஏறிக்கொண்டு போகும். 440சியில் காபன் அவ்வளவு இருப்பதால், கடினமாக்கும் சூட்டில் அது முழுவதும் கரையாது. மிஞ்சிய மணிகள் தேய்மானத்தைத் தாங்கும். அவை பிடித்துவைத்த குரோமியமோ காவலுக்கு வராது. அதனால் மூன்றில் துருவுக்கு நன்றாக ஈடுகொடுப்பது 440ஏ, கூர் நீடிப்பது 440சி. ஜெர்மன் சமையற்கத்திகளில் காணும் 1.4116 நடுவழி: அரைச் சதவீதக் காபன், 14–15 குரோமியம், உப்புநீர் அரிப்பைத் தாங்கச் சிறிது மொலிப்டினம்.

நிக்கல் கலந்த சோற்றுப் பானையில் காந்தம் ஒட்டாது. இந்தக் கத்திகளில் ஒட்டும். அதைக் கண்டு போலி என்று ஒதுக்க வேண்டாம். மார்ட்டென்சைட்டு காந்தத்துக்கு இழுபடும்.

ஓடும் சாணைச் சக்கரத்தில் வாய் நிறம் மாறும்வரை பிடிக்கத்தான் கூடாது. அந்தச் சூட்டில் காபன் விழித்து மறுபடி குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். தீட்டித் தீட்டியே கூரையும் காவலையும் இழப்போம். களப்பு நீரின் உப்பும் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். ஆகவே வெட்டி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காற்றுப்பட வையுங்கள். மிச்சக் காவலைக் காற்று பார்த்துக்கொள்ளும்.