முட்டை விலைக்குள் ஓர் ஆராய்ச்சி

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2030லிருந்து 2025-26க்கு மத்திய அரசு முன்னே கொண்டுவந்தது. 2023 டிசம்பரில், சர்க்கரை தட்டுப்படுமோ என்று கரும்புச் சாற்று எத்தனாலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. மக்காச்சோள எத்தனாலுக்கு 2023-24 எத்தனால் ஆண்டில் லிட்டருக்கு 71.86 ரூபாய் கிடைத்தது. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எடுக்கலாம். ஆனால் நாமக்கல் கோழிக்கும் அதே சோளம்தான் தீவனம். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு, 2024ல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது.

எங்கள் கள்ளிக்குப்பத்தில் டிவிஎஸ் வண்டியில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு வரும் தம்பி, "தீவனம் ஏறிடுச்சாம் சார், நாமக்கல்லயே ரேட்ட ஏத்திட்டாங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வரியை விரித்தால் முனைவர் பட்ட ஆய்வே செய்யலாம்.

விளைச்சலையும் கழிவையும் நுண்ணுயிரையும் எரிபொருளாக, தீவனமாக, மருந்தாக, பிளாஸ்டிக்காக மாற்றும் தொழில்கள் அத்தனையும் சேர்ந்ததுதான் உயிரிப் பொருளாதாரம். 2014ல் 1,000 கோடி டாலராக இருந்த இதன் மதிப்பு 13,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்கிறது மத்திய அரசு. 2030க்குள் 30,000 கோடி என்பது இலக்கு. இதற்கென 'பயோஇ3' கொள்கைக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தடுப்பூசியும் எத்தனாலும் ஒரே கூட்டுத்தொகைக்குள் வருகின்றன. அதில் பெரம்பலூரில் இரண்டு ஏக்கர் சோளம் போட்டவருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது? இதைக் கணக்குப் போட வேண்டியவர் வேளாண் பொருளாதாரம் படித்தவர். அப்படிப் படிப்பவர்கள் நம்மிடம் போதவில்லை என்பதுதான் என் கவலை.

இந்தப் பாடத்தைக் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, "ஃபெலோஷிப் கிடைக்குமா சார்?" என்று வருவார்கள். கிடைக்கும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) முனைவர் பட்ட நுழைவுத் தேர்வில் வேளாண் பொருளாதாரம் தனிப் பாடம். தரவரிசையில் முன்னால் வந்தால் உதவித்தொகை உண்டு. யு.ஜி.சி. நெட் தேர்வில் நம் பாடம் தனியாக இல்லை. பொருளாதாரத் தாளைத்தான் எழுத வேண்டும். பண்ணைக் கணக்கிலேயே ஊறியவர்கள் பேரியல் பொருளாதாரத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்காமல் அதில் தேற முடியாது. தேறி இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஏற்கெனவே முனைவர் பட்டத்துக்குப் பதிந்தவர்களுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) மாதம் 20,000 தருகிறது. வெளிநாடு என்றால் நான் முதலில் சொல்வது ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக வளர்ச்சி ஆய்வு மையத்தை. அங்கே ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் உதவித்தொகையுடன் ஆய்வு செய்யலாம். அந்த மையத்தின் இயக்குநர் மதின் கைம், நம் நாட்டுப் பி.டி. பருத்தி விவசாயிகளை நேரில் ஆராய்ந்தவர்.

போன வருஷம் ஒரு பெண் தன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாள். முதல் வரி: 'நீடித்த வளர்ச்சிக்கு உயிரிப் பொருளாதாரம் இன்றியமையாதது.' "இதை யாரும்மா மறுக்கப்போறாங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பக்கங்களில் புதைந்திருந்த கேள்வியை மேலே கொண்டுவரச் சொன்னேன். எத்தனால் ஆலை வந்தபின் சோள விலை உயர்ந்ததா, உயர்ந்தது விவசாயிக்கா, கமிஷன் மண்டிக்கா? சோளத்திலிருந்து எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை தீவனமாகத் திரும்பும்போது கோழிப் பண்ணைக்காரருக்கு இழப்பு எவ்வளவு குறைகிறது? தேர்வுக் குழு நின்று படிக்கும் இடம் இதுதான். மதிப்பெண் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது.

ஊரிலிருந்து கேள்வி எடுப்பது நமக்குப் புதிதல்ல. 1915ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி யாருக்கு எவ்வளவு நிலம், கடன், கூலி என்று எழுதிவரச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் என்று அந்தக் கணக்குகள் 1918ல் புத்தகமாயின. 1936-37ல் மறுபடி போனார்கள், பிறகும் போனார்கள். நூறாண்டு மாற்றத்தை ஊர் ஊராகப் பார்க்க முடிவதற்கு அந்த மாணவர்களே காரணம். எத்தனால் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இப்போதே முதல் கணக்கை எடுத்துவிட வேண்டும். ஆலை வேரூன்றியபின் போனால், பழைய விலை யாருக்கும் சரியாக நினைவிருக்காது.

பணம் கொடுப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதாந்திரத் தொகை மாதக்கணக்கில் தாமதமாகி, மாணவர்கள் கைக்காசில் பஸ் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த சோளம் தை, மாசியில் களத்துக்கு வந்துவிடும். விற்பனைச் சீட்டு விவசாயியின் கையில் இருக்கும் அந்தச் சில வாரங்களில்தான் உண்மையான விலையைக் கேட்டு எழுத முடியும். கள ஆய்வுச் செலவை அறுவடைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.