விசா தரும் கம்பெனியைப் போடியிலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி?

விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஊர் போடிநாயக்கனூர். 2012-ல் இங்கே அரசு பொறியியல் கல்லூரி வந்தது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வெளிநாட்டு வேலை தேடும் பிள்ளைகள் இப்போது இங்கும் இருக்கிறார்கள். வழிகாட்டத்தான் ஆளில்லை. அந்த இடத்தில் ஏஜென்ட் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

முதலில் தெரிய வேண்டியது இது: பல நாடுகளில், ஒரு கம்பெனிக்கு உங்களைப் பிடித்துப்போய் வேலை கொடுத்தால் மட்டும் போதாது. வெளிநாட்டாரை வேலைக்கு எடுக்க அது தன் அரசிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். நம் ஊர் ஏலக்காய் ஏலத்தில் நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் இல்லாத வியாபாரி விலை கேட்க முடியாதல்லவா, அதுபோலத்தான்.

உரிமம் பெற்றவர்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. நெதர்லாந்தின் குடியேற்றத் துறையும் அப்படியே. இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம். எனவே வேலை விளம்பரத்தைத் துரத்தாமல், பட்டியலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் துறைக் கம்பெனிகளைப் பொறுக்கி எடுத்து, அவர்களுடைய சொந்தத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். பட்டியலில் பெயர் இருப்பதால் எல்லா வேலைக்கும் விசா தருவார்கள் என்று பொருளில்லை. முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள். சம்பளமும் கணக்கில் வரும். பிரிட்டனில் 2025 ஜூலை முதல் பொதுவான குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்ட். அந்த வேலைக்கென வைத்த தொகை அதைவிடக் கூடுதல் என்றால் அதுதான் வரம்பு. இளையவர்களுக்குச் சற்றுத் தளர்வு உண்டு.

ஜெர்மனியில் இப்படி உரிமம் தேவையில்லை. தகுந்த சம்பளத்தில் வேலை உறுதியானால் ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதி கிடைக்கும். உங்கள் பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்பதை அனாபின் என்ற தளத்தில் பார்க்கலாம். பட்டமே இல்லாவிட்டாலும், கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு ஐ.டி. அனுபவம் இருந்தால் வழியுண்டு.

அமெரிக்காவின் எச்-1பி வேலை விசா ஆண்டுக்கு 65,000 பேருக்கு, அங்கே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000, குலுக்கல் வேறு. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் அறிவித்தார்கள். இங்கிருந்து நேரே போக நினைக்கும் புதியவர் அதை நம்பிக் காலத்தைக் கழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சென்னையிலோ கோவையிலோ பன்னாட்டுக் கம்பெனி ஒன்றில் சில ஆண்டு வேலை பார்த்து, அதன் வெளிநாட்டுக் கிளைக்கு மாறுதல் கேட்பது உறுதியான பாதை.

ஏமாற்று அழைப்புகளிலும் எச்சரிக்கை வேண்டும். 2022-ல் ஐ.டி. வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட நம் தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். மறுத்தவர்களுக்கு அடி விழுந்தது. சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று எவர் சொன்னாலும் கிளம்பாதீர்கள். உரிமச் செலவு என்று பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்: பிரிட்டனில் கம்பெனி தன் ஸ்பான்சர் உரிமக் கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டுவதற்குத் தடையே இருக்கிறது.

இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. பதிவு உண்மையா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. பதிவு எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம், அம்மாவின் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.