முதல் பைக்கே பெரிய பைக்கா?

தில்லி கரோல் பாக் பைக் சந்தையில் லடாக் பயணத்துக்கு வாடகை புல்லட்டுகள் வரிசையாக நிற்கும். இப்போதுதான் ஓட்டக் கற்றவர் அதில் ஏறலாமா? வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏன்? முதல் காரணம் எடை. புல்லட் வகையான கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. சிறிய பைக்கான ஸ்பிளெண்டர் சுமார் 112. நேராக நிற்கும்போது எடை முழுவதையும் டயர்களே தாங்கும். சாய்ந்தால்தான் சிக்கல். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்திலும் ஹேண்டில்பார் ஒரு மீட்டரிலும் இருப்பதாகக் கொள்வோம். புல்லட் 10 டிகிரி சாய்ந்தால் கை தாங்க வேண்டியது 17 கிலோ. 30 டிகிரியில் 49! ஸ்பிளெண்டரில் அது 28தான். வேகத்தில் வண்டி தானே நிமிர்ந்துகொள்ளும். சந்தை நெரிசலில், ரிக்‌ஷா குறுக்கே வர, ஹேண்டிலைத் திருப்பியபடி முன் பிரேக்கைப் பிடித்தால் அந்த உதவி கிடைக்காது.

அடுத்தது சக்தி. பள்ளத்தில் குலுங்கும்போது பதறிய கை ஆக்சிலரேட்டரை முறுக்கிவிடும். 8 குதிரைத்திறன் வண்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். 40 குதிரைத்திறன் ஹிமாலயன் 450 முன்னால் நிற்கும் ஆட்டோவில் போய் மோதும்.

பிரிட்டனில் 19 வயதில் கிடைக்கும் உரிமத்துக்கு 35 கிலோவாட் உச்சவரம்பு உண்டு. நம் நாட்டில் 18 வயதானால் எந்தத் திறன் வண்டியும் ஓட்டலாம். இங்கும் அப்படியொரு படிநிலை உடனே வர வேண்டும்.