வெண்கலத்தில் ஐந்து பறவைகள்

அமெரிக்கச் சிற்பி டாட் மெக்ரெய்ன் வட அமெரிக்காவில் அற்றுப்போன 5 பறவையினங்களுக்கு வெண்கலச் சிலை செய்தார். ஒவ்வொன்றும் அந்தப் பறவையின் இயல்பான அளவைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய ஆக் கனடாவின் ஃபோகோ தீவிலும், லாப்ரடார் வாத்து நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவிலும், கரோலினா கிளி ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமி புல்வெளியிலும், பயணிப் புறா ஒஹையோவின் கொலம்பஸிலும், ஹீத் கோழி மார்த்தாஸ் வைன்யார்ட் தீவிலும் நிற்கின்றன. பெரிய ஆக்கின் இன்னொரு வார்ப்பு ஐஸ்லாந்துக் கரையில் எல்டே தீவைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தத் தீவில்தான் 1844 ஜூன் 3-இல் அவ்வினத்தின் கடைசி இணை கொல்லப்பட்டது. ஹீத் கோழி மறைந்தது 1932-இல். இரண்டுக்கும் இடையே 88 ஆண்டுகள்.

ஐந்தில் பெருந்தொகை பயணிப் புறாவினுடையது. பொதுவான மதிப்பீடு 300 கோடி முதல் 500 கோடி வரை. 1813-இல் பறவை ஓவியர் ஆடுபன் ஒரே கூட்டத்தைக் கணக்கிட்டார்: அகலம் 1 மைல், வேகம் மணிக்கு 60 மைல், நேரம் 3 மணி, ஆக 180 சதுர மைல். ஒரு சதுர மைலுக்கு 30,97,600 சதுர கஜம், சதுர கஜத்துக்கு 2 புறா என்று வைத்தால் 111,51,36,000. வேகமும் நெருக்கமும் அவர் கண்மதிப்பு. வேகத்தைப் பாதியாக்கினாலும் 55 கோடிக்குக் குறையாது. 1857-இல் ஒஹையோ மாநில மேலவைக் குழு ஒன்று இந்தப் புறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவையில்லை என்று அறிக்கை தந்ததில் அதனால் வியப்பில்லை.

1871-இல் விஸ்கான்சினில் சுமார் 850 சதுர மைல் பரப்பில் 13.6 கோடிப் புறாக்கள் கூடு கட்டியதாக மதிப்பீடு. 28 ஆண்டு கழித்து, 1899 செப்டம்பரில், அம்மாநிலத்தின் கடைசிப் புறா பாப்காக்கில் சுடப்பட்டது. அதற்கு 48 ஆண்டு கழித்து, 1947-இல், வையலூசிங் பூங்காவில் நினைவுச்சின்னம் எழுந்தது.

1878-இல் மிச்சிகனின் பெட்டோஸ்கியில் நாளொன்றுக்கு 50,000 வீதம் ஏறக்குறைய 5 மாதம் கொன்றார்கள் என்பது அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு. 150 நாளுக்கு 75 லட்சம். 300 கோடியில் 0.25 சதவீதம். கொன்ற எண்ணிக்கை மட்டும் இந்த அழிவை விளக்கப் போதாது. ஒரு கூட்டில் 1 முட்டைதான். 13.6 கோடிப் புறா என்றால் 6.8 கோடி இணை. அத்தனையும் பொரித்து வளர்ந்தாலும் அந்த ஈட்டில் 6.8 கோடிக் குஞ்சுக்கு மேல் வராது. தந்தி கூட்டம் இறங்கிய இடத்தைச் சொன்னது, ரயில் வேட்டைக்காரரை அங்கே கொண்டுசேர்த்தது. குஞ்சு பறக்குமுன் கூடுகள் கலைந்தன.

கடைசிப் புறா மார்த்தா 1914 செப்டம்பர் 1-இல் சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் இறந்தது. அதே பூங்காவில் 1918 பிப்ரவரி 21-இல் கரோலினா கிளி இன்காஸ் இறந்தது. 3 ஆண்டு 5 மாதம் 20 நாள் இடைவெளியில் ஒரே வளாகத்தில் இரண்டு இனங்கள் முடிந்தன.

காப்பாற்ற முனைந்து தோற்ற கணக்கு ஹீத் கோழியுடையது. 1870 வாக்கில் பெருநிலத்தில் அது இல்லை. மார்த்தாஸ் வைன்யார்ட் ஒன்றே மிச்சம். 1908-இல் சுமார் 50 பறவை இருக்கையில் 1,600 ஏக்கர் ஒதுக்கினார்கள். 8 ஆண்டில் எண்ணிக்கை 2,000-ஐ நெருங்கியது, 40 மடங்கு. 1916 மே 12-இல் காட்டுத்தீ. அதன்பின் 150-ஐத் தாண்டாத எண்ணிக்கையே எஞ்சியது. இழப்பு 92 சதவீதத்துக்கு மேல். 1927-இல் 13, அதில் 11 சேவல், 2 பெட்டை. 1928 இறுதியில் 1. அந்த ஒன்றைக் கடைசியாகக் கண்டது 1932 மார்ச் 11.

50-இலிருந்து 2,000 ஆனதால் காப்பகம் வீண் என்று சொல்ல முடியாது. இடம் ஒன்றாகவே இருந்ததுதான் குறை. 1870-க்குமுன் இரண்டாவது இடம் ஒன்றில் சில நூறு பறவைகளாவது காக்கப்பட்டிருந்தால், ஒரு தீ இந்தக் கணக்கை முடித்திருக்காது.