இயந்திரம் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை!

இறைப்பு மிசின் நன்றாகத்தான் ஓடுகிறது. சத்தத்திலும் குறையில்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீரைக் காணோம். அல்லது சிறிது நேரம் வந்து, விட்டுவிட்டுத் துப்பி, பின்னர் நின்றுவிடுகிறது. இத்தகைய வேளையில் எம்மில் பலர் உடனே பிளக்கைக் கழற்றுகிறோம், காபரேட்டரைத் திறக்கிறோம், அதுவும் சரிவராவிட்டால் மிசினை முருங்கனுக்கோ மன்னாருக்கோ ஏற்றிச் செல்கிறோம். எஞ்சின் சீராக ஓடுகிறதென்றால் பழுது பெரும்பாலும் எஞ்சினில் இல்லை. கிணற்று நீருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள உறிஞ்சுகுழாயிலேதான் அதைத் தேட வேண்டும்.

1990இலும், பின்னர் 2007, 2008ஆம் ஆண்டுகளிலும் மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பல ஊர்கள் வெறுமையாயின. திரும்பி வந்த குடும்பங்களுக்குக் கிடைத்தவை தூர்ந்த கிணறுகளும், வெயிலில் வெடித்த குழாய்களும், கைமாறி வந்த பழைய மிசின்களுமே. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. தண்ணீர் ஏறாமல் மிசின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எமது கைப்பணம் புகையாகப் போகிறது. ஆகவே இப்பழுதை நாமே ஒழுங்குமுறையாகக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது பயனுள்ளது.

தண்ணீரை மேலே ஏற்றுவது எது?

பம்பு தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. பம்பினுள் சுழலும் இம்பெலர் என்னும் விசிறி, அங்குள்ள நீரை வெளியே வீசுகிறது. அதனால் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின்மேல் நிற்கும் காற்று தன் பாரத்தால் நீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றுகிறது. காற்றுக்குப் பாரம் உண்டு என்பதை 1643இல் இத்தாலியரான தொரிசெல்லி பாதரசக் குழாயினால் காட்டினார். இளநீரைக் குழாய் வைத்துக் குடிக்கும்போது குழாயில் ஊசித்துளை இருந்தால் என்ன நடக்கும்? வாய்க்குக் காற்றுத்தான் வரும். எமது மிசினுக்கு நேர்வதும் இதுவே.

காற்றின் பாரம் கடல் மட்டத்தில் நீரை ஏறக்குறைய 34 அடிக்குமேல் ஏற்றாது. நடைமுறையில் 20 முதல் 25 அடி வரையே நல்ல பம்பும் எடுக்கும். கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போனால், எந்தத் திருத்தமும் பயன்தராது. அப்போது சிலர் மிசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். எஞ்சின் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே இறங்கியவரையும், அவரைத் தூக்க இறங்கியவரையும் அது கொன்றுவிடும்.

நீர் கசிந்தால் தெரியும், காற்று கசிந்தால் தெரியாது

பம்பிலிருந்து வயலுக்குப் போகும் குழாயில் துளை இருந்தால் நீர் சீறும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சுகுழாயிலோ துளை வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. குழாய் காய்ந்தபடியே இருக்கும். பார்ப்பவருக்குப் பழுதில்லாததுபோல் தோன்றும். இதை மனதிற் கொண்டு, நீரிலிருந்து தொடங்கிப் பம்பு வரை ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

1. நீர்மட்டம்: குழாயின் அடியிலுள்ள புட்வால்வு நீருக்குள் ஒன்றரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும், கிணற்றுத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நிற்க வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது மேலே சுழி விழுந்தால், அச்சுழி வழியாகக் காற்றுப் போகிறது என அறியலாம்.

2. வடி: புட்வால்வின் வடியில் சருகு, வேர், பொலித்தீன் பை என்பன அடைந்திருக்கலாம். மிசின் ஓடும்போது மெல்லிய றப்பர்க் குழாய் சப்பையாக ஒட்டினால் அடைப்பு இருக்கிறது என்பதே பொருள். வெளியே வரும் நீர் குமிழியும் நுரையுமாக இருந்தால் காற்றுக் கசிவு. இந்த இரண்டு அடையாளங்களையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

3. புட்வால்வு: மிசினை நிறுத்தி, பம்பின் மேலுள்ள மூடியைத் திறந்து, குழாய் நிறைய நீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நீர் இறங்காமல் நின்றால் வால்வு நல்லது. இறங்கினால் வால்வின் மடலுக்கடியில் மணலோ குச்சியோ சிக்கியிருக்கும். அல்லது மடல் தேய்ந்திருக்கும். கழுவிப் பாருங்கள். தோல் மடல் கெட்டிருந்தால் தடித்த பழைய ரியூபில் அதே அளவில் வெட்டிப் போடலாம்.

4. பொருத்துகள்: குழாயை இவ்வாறு நிரப்பி வைத்திருக்கும்போதே ஒவ்வொரு பொருத்தையும் துணியால் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். ஓடும்போது காற்றை உள்ளெடுத்த துளை, இப்போது நீரை வெளியே கசியவிடும். மிசினை ஓடவிட்டுப் பொருத்துகளின்மேல் ஒவ்வொன்றாக நீர் ஊற்றியும் பார்க்கலாம். எந்த இடத்தில் ஊற்றும்போது நீர்வரத்துச் சற்றுச் சீராகிறதோ அதுவே பழுதுள்ள இடம். வெடித்த நுனியை வெட்டிவிட்டு, கிளிப்பை இறுக்குங்கள். மரையுள்ள பொருத்துக்குச் சணல்நாரோ வெள்ளை ரேப்போ சுற்றுங்கள். சைக்கிள் ரியூப் சுற்றுவது அன்றைய இறைப்பை முடிக்க உதவும். அது நிலையான திருத்தமல்ல.

5. குழாயின் ஏற்றம்: உறிஞ்சுகுழாய் நீரிலிருந்து பம்பு வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். கிணற்றுக் கட்டின்மேல் வளைந்து மீண்டும் கீழிறங்கினால் அந்த வளைவில் காற்றுத் தங்கிவிடும். மிசினைக் கிணற்றுக்குக் கிட்டவும் சற்று உயரத்திலும் வையுங்கள். பம்பின் வாயைவிட ஒடுங்கிய குழாயைப் பூட்டாதீர்கள்.

6. பம்பு: நீர் ஊற்றும் மூடியின் வோசர், சுழல்தண்டைச் சுற்றியுள்ள சீல் ஆகியவற்றைக் கடைசியாகப் பாருங்கள். எமது மணற்பாங்கான கிணறுகளில் இம்பெலரும் விரைவில் தேயும். நீரில்லாமல் பம்பை ஓடவிட்டால் சில நிமிடங்களிலேயே சீல் கருகிவிடும்.

கரையோரத்தில் ஓர் எச்சரிக்கை

இவை யாவும் சரியாக இருந்தும் தண்ணீர் நின்றால், கிணற்றில் நீர் குறைந்துவிட்டது என்பதே காரணம். அப்போது குழாயை இன்னும் ஆழத்துக்கு இறக்கத்தான் கை போகும். அருவியாற்று நீர் தேக்கம் அணைக்கட்டிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்கு வந்து பாயும் வயற்புறங்களில் கிணறுகளுக்கு ஊற்று ஓரளவு மீண்டும் கிடைக்கும். பேசாலை, தலைமன்னார் போன்ற தீவுப் பகுதிகளிலும் கரையோரக் காணிகளிலும் நிலைமை வேறு. அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உவரைத் தள்ளி நிற்கும் என்பது அறிவியலார் கண்ட கணக்கு. ஆகவே மேலே ஓரடியை இறைத்துக் குறைத்தால், கீழிருந்து உவர் 40 அடி வரை ஏற இடமுண்டு. அப்படி ஏறிய உவர் ஒரு மழையோடு போய்விடாது. மிளகாயும் வெங்காயமும் கருகும், குடிநீரும் கெடும்.

ஆதலால் கரையோரத்தில் குழாய் காற்றிழுக்கத் தொடங்கினால், முதலில் மிசினை நிறுத்துங்கள். கிணற்றுச் சுவரில் நீர்மட்டத்துக்கு ஓர் அடையாளமிட்டு, எத்தனை மணி நேரத்தில் நீர் திரும்ப ஊறுகிறது என்று பாருங்கள். அந்த ஊற்றின் அளவே எமது இறைப்பின் அளவு. ஒரே மூச்சில் இறைப்பதைவிட, சிறிய மிசினால் காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைப்பது கிணற்றையும் பயிரையும் காக்கும். கோடையில் வாரம் ஒருமுறை நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். சுவை மாறினால் இறைப்பைக் குறையுங்கள்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு புட்வால்வு, சில வோசர்கள், கிளிப்புகள், ஒரு குழாய்ச்சாவி என்பவற்றைப் பொதுவில் வைத்துக்கொண்டால் பட்டணத்துக்கு அலையும் செலவு மிஞ்சும். மேற்சொன்ன ஆறு சோதனைகளுக்கும் ஒரு மணி நேரம் போதும். தோட்டத்துக்கு இறைப்பவர்களில் பெண்களும் பிள்ளைகளும் உண்டு. ஆகவே வீட்டில் ஒருவர் மட்டுமன்றி எல்லோரும் இவற்றைப் பழகிக்கொள்வது நல்லது. அடுத்த இறைப்புக்கு மிசினைப் பூட்டுமுன் குழாயை ஒருதடவை நிரப்பி, பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்போம்.