தூக்குவது இடுப்பு, காப்பது முதுகு

தரையிலிருக்கும் பார்பெல்லைப் பிடித்து நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்ட் என்றாலே முதுகுப் பயிற்சி என்று பல ஜிம்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதை நம்பி முதுகால் இழுத்து, கீழ்முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகுக்கு இதில் அசையாமல் நிற்கும் வேலைதான். தூக்குவது இடுப்பும் தொடையும்.

போட்டியில் கம்பியின் முனைகளில் மாட்டும் பெரிய எடை பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் தரையில் வைத்த பார்பெல்லின் கம்பி நம் முழங்காலுக்குக் கீழே நிற்கும். அது தரையை விட்டுக் கிளம்பும்போது, முன்தொடையில் இருக்கும் குவாட்ரிசெப்ஸ் மடங்கிய முழங்காலை நீட்டுகிறது. பாதத்தால் தரையை அழுத்தித் தள்ள வேண்டிய நேரம் அது. கம்பி முழங்காலைத் தாண்டியதும் பெரும்பாரம் பிட்டத்துக்கும் பின்தொடைக்கும் வந்துவிடும். உடலிலேயே பெரிய தசையான குளூட்டியஸ் மாக்ஸிமஸும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகளும் இடுப்பை முன்னுக்குத் தள்ளி நம்மை நிமிர்த்துகின்றன. உள்தொடையின் அடக்டர் மாக்னஸும் கூடவே உழைக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலை அகட்டி நின்று தூக்கும் சூமோ முறையில் உள்தொடைக்கும் முன்தொடைக்கும் வேலை இன்னும் கூடும்.

இத்தனை நேரமும் முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் எரெக்டர் தசைகள் இறுகி, முதுகு வளையாமல் பிடித்துக்கொள்கின்றன. மூச்சை நிறைய இழுத்து அடக்கி வயிற்றை இறுக்கினால், உள்ளே ஏறும் அழுத்தம் முதுகெலும்புக்கு முன்னாலிருந்து முட்டுக்கொடுக்கும். அக்குளுக்குக் கீழே விரியும் லாட்ஸ் தசை, கம்பியைக் காலோடு ஒட்டியே மேலே வர வைக்கிறது. ஒட்டாமல் விலகினால் என்ன ஆகும்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பலருக்கு முதலில் தோற்பது முன்கைதான். கால் இன்னும் தூக்கும், விரல் விட்டுவிடும். 2016இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஸ்ட்ராங்மேன் வீரர் எடி ஹால் 500 கிலோவைத் தூக்கியபோது, பிடி நழுவாமலிருக்க மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டியிருந்தார். பவர்லிஃப்டிங் போட்டியில் அதற்கு அனுமதி கிடையாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 20 கிலோ வெறும் கம்பியை, பிளேட் மாட்டிய உயரம் வரும்படி கட்டைகள்மேல் வைத்துப் பழகுங்கள். பக்கவாட்டில் ஒருவரை நிற்கவைத்து முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த எடையில் முதுகு வளைகிறதோ, அன்றைக்கு அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.