வண்டிக் கணக்கும் நிமிடக் கணக்கும்

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் உள்ளன. 1 லட்சம் பேருக்கு அடிப்படை வசதியுள்ள வண்டி ஒன்று, 5 லட்சம் பேருக்கு உயர் வசதியுள்ள வண்டி ஒன்று என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் அளவுகோல். 2011-இன் 7.21 கோடி மக்களுக்கு 721-உம் 144-உம், ஆக 865 வண்டிகள். எண்ணிக்கையில் தேறிவிட்டோம். உயிர்க் கணக்கில்?

சாலை விபத்து, இறப்பு, 100 விபத்துக்கு இறப்பு:
தமிழ்நாடு 2022: 64,105 – 17,884 – 27.9
தமிழ்நாடு 2023: 67,213 – 18,347 – 27.3
இந்தியா 2023: 4,80,583 – 1,72,890 – 36.0

வேகமும் தலைக்கவசமும்கூட இந்த விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. நாட்டின் சராசரியைவிட நம் நிலை மேல்தான். ஆனாலும் நாளுக்கு 50 பேர் சாகிறார்கள்.

மாலைக் கணக்கு: நாட்டில் நடக்கும் விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மாலை 6 முதல் 9 மணிக்குள் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் நாளுக்கு 184 விபத்துகள். நாள் முழுக்கச் சீராக நடந்தால் அந்த மூன்று மணி நேரத்தின் பங்கு 23. ஐந்தில் ஒன்று என்றால் 37. மாலைக்குக் கூடுதல் வண்டிகளை 5 மணிக்கே தயாராக நிறுத்த இந்தக் கணக்குப் போதும்.

ஒரு பயணக் கணக்கு (உதாரணத்துக்கு, நிமிடங்களில்):
இடத்தை அடைய – 15
அங்கே முதலுதவி – 10
மருத்துவமனைக்கு – 25
நோயாளியை ஒப்படைக்க – 10
நிலையம் திரும்ப – 20
மொத்தம் – 80

12 மணி நேரப் பணியில் 9 பயணம் போகலாம். ஒப்படைக்க 40 நிமிடமானால் ஒரு பயணம் 110 நிமிடம். முழுப் பயணம் 6 மட்டுமே. மூன்று பேருக்கு அந்த வண்டி இல்லை.

கூடுதலாகும் அந்த 30 நிமிடம் எங்கே போகிறது? அவசரப் பிரிவில் காலி ஸ்ட்ரெச்சர் இருக்காது. வண்டியின் ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளி படுத்திருப்பார். மருத்துவ உதவியாளர் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். ஓட்டுநர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆள், டீசல், வண்டி எல்லாம் இருந்தும், அடுத்த அழைப்புக்குப் போக வழியில்லை. வாசலில் நாலு ஸ்ட்ரெச்சர் கூடுதலாகப் போட ஆகும் செலவு, ஒரு புது வண்டியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. பணத் தடையை விலக்கிய அரசு, நிமிடத் தடையையும் விலக்க வேண்டும். வண்டி வந்துசேர்ந்த நேரத்தோடு ஒப்படைப்பு நேரத்தையும் மருத்துவமனைவாரியாக மாதந்தோறும் வெளியிடுங்கள். எண்ணாத நிமிடத்தை யாரும் குறைக்கப்போவதில்லை.